வாசலில் நின்று ஊர் கேட்காதீர்கள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே,

முதல் வாரத்தில் உங்களுக்கு ஒரு தடித்த கோப்பும், கழுத்தில் தொங்கவிட ஓர் அடையாள அட்டையும், குளிருக்கு உதவாத ஒரு மெல்லிய ஜாக்கெட்டும் தந்திருப்பார்கள். கோப்பை வாசியுங்கள். அட்டையைத் தொலைக்காதீர்கள். ஜாக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிட்டு நல்லதாக ஒன்று வாங்குங்கள். மொன்ட்ரியாலில் வீடு வீடாகப் படியேறுகிற வேலை இது. ஏப்ரலிலும் பனி கொட்டும்.

கோப்பில் இல்லாத எதையாவது எழுதித் தாருங்கள் என்று எங்கள் அமைப்பின் கந்தோரில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவளையும் சும்மா இருக்க விடமாட்டார்கள் போலிருக்கிறது. எனக்கும் வாய் சும்மா இராது. ஆகவே எழுதுகிறேன்.

என் பெயர் புவனா. பிறந்தது சாவகச்சேரிப் பக்கம், குடியிருப்பது பார்க் எக்ஸ்டென்ஷன். "இந்த நாட்டில் இருக்கிற இலத்தீன் அமெரிக்கர்களை ஒழுங்காக எண்ணுங்கள், எண்ணின பிறகு அவர்களில் ஒருவரை உங்கள் மேசையிலும் இருத்துங்கள்" என்று சொல்லிச் சொல்லியே பல வருடம் சம்பளம் வாங்கியவள். பொட்டு வைத்த யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் எல் சல்வடோர், குவாத்தமாலா ஆட்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் கணவரும் கேட்டவர்தான். "எங்கடை சனத்துக்கே கதைக்க ஆளில்லை, நீர் உலகத்துக்கு வழக்காடுற அப்புக்காத்தோ?" என்பார்.

சம்பந்தம் தையல் மெஷின். கனடாவுக்கு வந்த புதிதில் ஷபானெல் தெருவில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் தைத்தேன். பக்கத்து மெஷினில் ஒரு சல்வடோர்க்காரி. வயது என்னைவிடக் குறைவு, வாய் என்னைவிட அதிகம். அவளிடமிருந்துதான் எனக்கு ஸ்பானிஷ் ஒட்டிக்கொண்டது. முதலில் வந்தது ஏச்சு, பிறகு சாப்பாட்டுப் பெயர்கள், கடைசியாகத்தான் மரியாதைச் சொற்கள். தொழிற்சாலையை மூடியபோது அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. குடியேறியவர்களுக்காக ஒரு சின்ன அமைப்பைத் தொடங்கி, என்னையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அங்கே எல்லோரும் அவளை 'ஹேஃபா' என்றுதான் கூப்பிடுவோம். ஸ்பானிஷில் தலைவி என்று அர்த்தம். தன் பெயர் அச்சில் வருவது அவளுக்குப் பிடிக்காது, அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். இன்னொன்று. ஹேஃபாவும் அவளுடைய ஆட்களும் பேசுகிற ஸ்பானிஷ் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். இந்தக் கடிதத்தில் அவர்கள் எல்லோரும் எங்கள் தமிழில் கதைத்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஒரு நாள் சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதிக்கக் கொடுக்க எங்கள் வட்டாரக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கேதான் லூஸைக் கண்டேன். குவாத்தமாலாக்காரி, நாற்பது வயதிருக்கும், அகாடி மெட்ரோவுக்குக் கிட்ட ஒரு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தாள். டொக்டரின் அறையிலிருந்து வளர்ந்த மகனோடு வெளியே வந்தாள். மகன் பக்கத்து டெப்பனேர் கடையில் ஏதோ குடிக்க வாங்கப் போனான். அவன் போனதும் இவள் கதிரையில் இருந்து அழத் தொடங்கினாள். எனக்குத்தான் பார்த்துக்கொண்டிருக்கத் தெரியாதே!

"ஏன் பிள்ளை அழுகிறீர்? டொக்டர் ஏதும் ஏசினவரோ?"

"டொக்டர் நல்ல மனுசன். தலையிடிக்கு மருந்து தந்தவர்."

"பேந்தென்ன?"

"எனக்குத் தலையிடி இல்லை."

மகன் திரும்பி வருகிறானா என்று வாசலைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் உடம்பில் வைத்தாள். எங்கே என்று நான் சொல்லத் தேவையில்லை. கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, டொக்டருக்கு ஸ்பானிஷ் தெரியாது, நடுவில் நின்று மாற்றிச் சொன்னவன் பெற்ற மகன். பதினேழு வயதுப் பெடியனுக்கு முன்னால் எந்தத் தாய் அதைச் சொல்லுவாள்? வாயில் வந்தது தலையிடி.

ஸ்பானிஷ் தெரிந்த ஒரு பெண் வாரத்தில் ஒரு நாள் அந்தக் கிளினிக்குக்கு வருவாள், நோயாளி சொல்வதை டொக்டருக்கும் டொக்டர் சொல்வதை நோயாளிக்கும் மாற்றிச் சொல்ல. லூஸுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அடுத்த முறை அவள் வருகிற நாளில் லூஸை நானே கூட்டிக்கொண்டு போனேன். பிறகு எல்லாம் கெதியாக நடந்தது: படம் எடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், வெட்டி எடுத்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் இனிப் பல வருடத்துக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை கிளினிக்கில் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

லூஸ் கொஞ்சம் தேறி வருகிற நேரம் பார்த்து, கிளினிக் நிர்வாகி எங்கள் ஹேஃபாவைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணின் ஒரு நாள் வேலை பரீட்சார்த்தமாகத்தான் கொடுக்கப்பட்டதாம். அரசாங்கக் கணக்கின்படி இந்த வட்டாரத்தில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் மிகக் குறைவாம். வருகிற குடிசனக் கணக்கெடுப்பிலும் அப்படியே வந்தால் அவளை நிறுத்த வேண்டியதுதானாம்.

லூஸுக்கு இதைச் சொன்னேன். அவள் சொன்னாள்: "அவ போனால் நான் திரும்பவும் தலையிடிக்காரிதான்."

இப்போது விளங்குகிறதா எதற்காக ஓடினோம் என்று? கணக்கெடுப்பு என்றால் உங்கள் தலைமுறைக்குக் கணினியில் தெரிகிற கலர் படம். எங்களுக்கு அது லூஸ் டொக்டரிடம் உண்மை சொல்ல முடியுமா முடியாதா என்ற கேள்வி. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஆட்கள் இல்லை என்று தாளில் இருந்தால், ஆள் செத்துக் கிடந்தாலும் இல்லைதான்.

உண்மையில் ஆட்கள் குறைவா? பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கதவைத் தட்டினால் உள்ளே எத்தனை பேர் என்று வீட்டுக்காரனுக்கே தெரியாது. வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிற பெயர்களை மட்டும் எழுதுவார்கள். அறையில் ஒண்டியிருக்கிற மச்சானை எழுதமாட்டார்கள், போன மாதம் வந்து இறங்கிய அக்கா குடும்பத்தை எழுதமாட்டார்கள். அகதி வழக்கு முடியாதவர்கள் கடிதத்தைக் கண்டாலே குப்பையில் போடுவார்கள். எங்கள் தமிழ்ச் சனமும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தது.

கணக்கெடுப்பு வந்த வசந்தத்தில், ஸ்பானிஷ் குடும்பங்களிடம் போய், 'வீட்டில் இருக்கிற எல்லாரையும் எழுதுங்கள்' என்று சொல்ல ஹேஃபா ஆள் சேர்த்தாள். ஸ்பானிஷ்காரர்கள் பலர் இரண்டு வேலை செய்கிறவர்கள், வரமுடியவில்லை. ஆகவே வந்தது யார்? என்னோடு தைத்த தமிழ்ப் பெண்கள்! எல்லோருக்கும் தொழிற்சாலை ஸ்பானிஷ் நன்றாக ஓடும். என் சிநேகிதி சந்திரா ஸ்பானிஷில் பாட்டே படிப்பாள். ஹேஃபா எங்களை வரிசையில் நிற்க வைத்துப் பழக்கினாள்.

"மூண்டு வசனம். வணக்கம், நாங்கள் பக்கத்துத் தெரு அமைப்பிலை இருந்து வாறம். வீட்டிலை இருக்கிற எல்லாரையும் கணக்கிலை எழுதுங்கோ. சொல்லுறது ஒருத்தருக்கும் போகாது. அவ்வளவுதான், இறங்கி வாங்கோ."

பாவம் ஹேஃபா. தனக்கு யாழ்ப்பாணத்தாரைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வசனம் சொல்லிவிட்டு ஒரு வாசலை விட்டு இறங்கி வருகிற யாழ்ப்பாணத்தாள் இன்னும் பிறக்கவில்லை. ஒரு மனிதரைக் கண்டால் எங்கள் வாய் தானாகத் திறக்கும்: "ஊரிலை எவடம்?" அதற்குப் பதில் வந்தால் அடுத்தது, "எப்ப வந்தனீங்கள்?" பிறகு, "ஆரோடை வந்தனீங்கள்? மனுசன் எங்கை வேலை? உள்ளுக்கை ஆர் இருமுறது?" எங்களுக்குள் இது அன்பு. கேட்காவிட்டால்தான் குறை. "அவள் ஊர்கூடக் கேக்கேல்லை, பெரிய எடுப்பு" என்று பேசுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை லூஸின் கட்டடம் முழுவதும் ஏறி இறங்கினோம். லூஸ் மட்டும் வீட்டில் இருக்கவில்லை. எல்லோரும் எவ்வளவு மரியாதையாகப் பதில் சொன்னார்கள் தெரியுமா! கதவை முழுதாகத் திறக்காவிட்டாலும் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. சந்திராவுக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. "இவையும் எங்களைப் போலைதானடி, நல்ல சனம்" என்றாள். நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து நான் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருக்க லூஸ் போன் எடுத்தாள்.

"புவனா, இஞ்சை குடிவரவு ஆக்கள் வந்திட்டினம்."

"ஐயோ! எப்ப?"

"இண்டைக்கு. எல்லாரும் பொம்பிளையளாம். எந்த ஊர், எப்ப வந்தது, மனுசன் எங்கை வேலை எண்டு ஒவ்வொரு கதவா விசாரிச்சிருக்கினம். ரெண்டாம் மாடியிலை ஒரு குடும்பம் பெட்டியோடை மொன்ட்ரியால்-நோருக்கு, சொந்தக்காரர் வீட்டுக்குப் போட்டுது. மற்றவை லைட்டை நூத்துப்போட்டு இருக்கினம்."

"ஆரடி அந்த அறுவாளுகள்? எப்பிடி இருந்தவையாம்?"

"இந்தியாக்காரர் மாதிரியாம். நெத்தியிலை பெரிய பொட்டாம்."

தேத்தண்ணி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "லூஸ்," என்றேன், "அது நாங்கள்தான் பிள்ளை."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மறுநாளே கதை பக்கத்துக் கட்டடங்களுக்கும் போய்விட்டது. கணக்கெடுப்பு முடிய அதிக நாளும் இல்லை. லூஸின் கட்டடத்தில் மட்டுமல்ல, அந்தத் தெரு முழுக்க ஸ்பானிஷ்காரர்களின் கதவுகள் பூட்டிக்கொண்டன. எண்ணிக்கையைக் கூட்டப் போனவர்கள் இருந்ததையும் குறைத்துவிட்டோம்.

ஹேஃபா எங்களைக் கூப்பிட்டாள். ஏசுவாள் என்று பயந்துகொண்டு போனோம். கணக்கெடுப்பு நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்திருந்தார். நல்ல மனிதர், உதவி செய்யத்தான் வந்தார். அவர் ஒரு யோசனை சொன்னார்: அரசாங்க முத்திரை போட்டு, 'பயப்பட வேண்டாம், உங்கள் விபரங்கள் பாதுகாப்பானவை' என்று ஸ்பானிஷில் அச்சடித்து எல்லாக் கதவிலும் ஒட்டலாம்.

"ஐயா," என்றேன், "எங்கடை ஊரிலை ஆமிக்காரன் ஸ்பீக்கரிலை பயப்பட வேண்டாம் எண்டு சொன்ன அண்டைக்குத்தான் நாங்கள் பெட்டி கட்டினது."

ஹேஃபா மேசையில் அடித்துச் சிரித்தாள். அவளுடைய ஊரிலும் அப்படித்தானாம். சிரித்து முடித்துவிட்டு அவரிடம் மரியாதையாகச் சொன்னாள், பேப்பர் ஒட்ட வேண்டாம் என்று. பிள்ளைகளே, நேரம் நெருக்கும்போது மேலிடத்திலிருந்து வருகிற உதவி இனிப்பாகத்தான் இருக்கும். பயந்திருக்கிறவனின் கதவில் முத்திரை போட்ட தாளை ஒட்டுவது உதவியல்ல என்று சொல்ல நிதானம் வேண்டும். அது அவளிடம் இருந்தது.

"அப்ப என்ன செய்யிறது?" என்று சந்திரா கேட்டாள். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது.

"நீங்கள் அவையிட்டை கேட்ட கேள்வி எல்லாத்துக்கும் நீங்களே பதில் சொல்லுங்கோ," என்றாள் ஹேஃபா. "ஊர் எவடம், எப்பிடி வந்தனீங்கள், எங்கை ஒளிச்சிருந்தனீங்கள், எல்லாம். கதவு தட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை லூஸின்ரை கட்டடத்துக்குக் கீழை பேஸ்மென்டிலை எல்லாரும் உடுப்புத் தோய்க்க வருவினம். அங்கை போய் இருங்கோ. ஒருத்தரிட்டையும் ஒரு கேள்வியும் கேக்கக்கூடாது. கேட்டால் திரும்பத் தையலுக்குத்தான் அனுப்புவன்."

"என்ரை வீட்டிலை மெஷின் இருக்கு, நான் ஏன் அங்கை தோய்க்கோணும்?" என்று சந்திரா என் காதில் முணுமுணுத்தாள். "விசரி, பேசாமல் வா" என்றேன்.

ஞாயிறு காலை, ஆளுக்கொரு பை ஊத்தை உடுப்போடு பேஸ்மென்டுக்குள் இறங்கினோம். பத்தாததற்குச் சந்திரா நல்ல துவைத்த சேலைகளையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். கூடவே ஒரு சட்டி நிறையக் கடலை வடை. அங்கிருந்த நாலைந்து ஸ்பானிஷ் பெண்கள் பொட்டுகளைக் கண்டதும் ஈர உடுப்பை அப்படியே கூடையில் அள்ளத் தொடங்கினார்கள். நான் மெஷினைத் திறந்தபடி, ஒருவரையும் பார்க்காமல், என் பாட்டில் ஸ்பானிஷில் சொல்லத் தொடங்கினேன். சாவகச்சேரி எங்கே இருக்கிறது என்று. வேறொருத்தியின் பாஸ்போர்ட்டில், வேறொருத்தியின் பிறந்தநாளைப் பாடமாக்கிக்கொண்டு வந்ததை. விமான நிலையத்தில் என் பெயரைக் கேட்டபோது இரண்டு பெயரும் மறந்துபோய், வாய் திறக்காமல் நின்றதை.

ஒருத்தி சிரித்துவிட்டாள். கூடை கீழே இறங்கியது.

பிறகு சந்திரா தொடங்கினாள். அவள் வந்த புதிதில் இருந்த வீட்டில் ஒரு பட்டாளமே படுத்ததாம். குளியலறைத் தொட்டிக்குள்ளும் ஒரு தம்பி படுப்பானாம். கணக்கெடுப்பு வந்தபோது வீட்டுக்காரனுக்குப் பயந்து புருசன் பெண்சாதியை மட்டும் எழுதினார்களாம். "பேந்து பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிக்கப் பள்ளிக்கூடத்திலை ஒரு அறை கேட்டுப் போனம். உங்கடை பகுதியிலை தமிழர் இல்லையே எண்டாங்கள். நான் அந்தாளுக்கு முன்னாலை நிக்கிறன், இல்லை எண்டு சொல்லுறான்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என்னைத்தான் நான் அடிக்கோணும்." சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, "நீங்கள் ஊரிலை…" என்று தொடங்கியவள், என் முகத்தைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு வடையை நீட்டினாள்.

அப்போது லூஸ் கூடையோடு இறங்கி வந்தாள். "இவையை எனக்குத் தெரியும்," என்று அந்தப் பெண்களிடம் சொன்னாள். எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கதையைச் சொன்னாள். கட்டியைச் சொன்னாள். மகனைச் சொன்னாள். தலையிடி என்று பொய் சொன்னதைச் சொன்னாள். கிளினிக்குக்கு வருகிற பெண்ணை நிறுத்தப் போகிறார்கள், தாங்கள் எல்லோரும் இந்தக் கட்டடத்தில் இல்லை என்று தாளில் இருப்பதால்தான் நிறுத்துகிறார்கள் என்றாள்.

பிறகு மூலையில் நீலச் சட்டையோடு நின்ற ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "எனக்கும் தலையிடிதான்."

அவளுக்குப் பக்கத்தில் நின்றவள், "நான் வயித்துக்குத்து எண்டு சொல்லுறனான்" என்றாள். இன்னொருத்தி முகத்தைத் துவாயில் மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அங்கே அழுகையும் சிரிப்பும் வடையுமாக நடந்ததை என்னால் ஒழுங்காக எழுத முடியாது. நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிற்பகலுக்குள் பெண்கள் தாங்களே மேலே போய், தங்கள் வீட்டுக் கணக்கெடுப்புத் தாள்களைக் குப்பைக்குள்ளிருந்தும் கட்டிலுக்கடியிலிருந்தும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மெஷின்களின் மேல் வைத்து நிரப்பினோம். மொன்ட்ரியால்-நோருக்கு ஓடிய குடும்பத்துக்கும் போன் போட்டார்கள், அவர்கள் வெட்கச் சிரிப்போடு பெட்டியோடு திரும்பி வந்தார்கள்.

இந்த இடத்தில் கதை முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். முடியவில்லை. கணக்கு வெளிவந்தபோது எங்கள் வட்டாரத்தில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களின் தொகை கூடித்தான் இருந்தது. ஆனால் கிளினிக் நிர்வாகி, "கூடியிருக்கிறது, இருந்தும் போதாது" என்றார். ஒரு தெருவில் பயம் தெளிந்தால் போதுமா? மற்றத் தெருக்களில் கதவு பூட்டித்தான் இருந்தது.

அந்த நேரம், கணக்கெடுப்பு நிறுவனமும் சுகாதாரப் பகுதியும் சேர்ந்து நகரத்தின் நடுவில் ஒரு பெரிய ஹோட்டலில் ஆலோசனைக் கூட்டம் வைத்தார்கள். அடுத்த கணக்கெடுப்பை எப்படி நடத்துவது, யாருடைய ஆட்களை மேசையில் இருத்திக் கேட்பது என்று முடிவெடுக்க. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஹேஃபா எங்கெங்கோ எழுதிப் போட்டு ஓர் இடம் வாங்கியிருந்தாள். அவள்தான் போவாள் என்று நினைத்தோம். அவள் லூஸை அனுப்பினாள்.

"நான் போனால், ஓ நீங்களா எண்டு கோப்பி தருவினம். எனக்கு இருபது வருசமாக் கோப்பி தந்திருக்கினம்," என்றாள் ஹேஃபா. "லூஸ் போகட்டும். புவனா, நீர் கூடப் போய்ப் பிரெஞ்சிலை மாத்திச் சொல்லும்."

அதற்குள் லூஸின் அகதி வழக்கு நல்லபடி முடிந்திருந்தது. கொஞ்சம் பிரெஞ்சும் பழகியிருந்தாள். கிளினிக்குக்குப் போகிற உங்களில் பலர் மாற்றிச் சொல்லுகிற அந்த ஸ்பானிஷ் பெண்ணைச் சந்தித்திருப்பீர்கள். இப்போது அவள் கிழமை நாள் எல்லாம் அங்கேதான் இருக்கிறாள். ஆகவே முடிவைப் பற்றிப் பயந்து வாசிக்க வேண்டாம். நான் சொல்ல வந்தது அந்த மேசையில் நடந்ததை.

நீளமான மேசை. கோட்டும் டையும் போட்ட ஆண்கள், கண்ணாடி போட்ட இரண்டு பெண்கள். எல்லோருக்கும் முன்னால் தண்ணீர்க் கிளாஸ். லூஸ் ஸ்பானிஷில் பேசத் தொடங்கினாள், நான் வசனம் வசனமாகப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தேன். கிளினிக், மகன், டொக்டர், எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு அவள் கட்டியைச் சொன்னாள். எந்த இடத்தில் என்று, அந்தச் சொல்லைச் சொல்லியே சொன்னாள்.

அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. எதிரே இருந்த அதிகாரிக்கு என் மகனின் வயது. பக்கத்தில் இருந்தவருக்கு என் கணவரின் வயது. நான் பிரெஞ்சில், "அவருக்குப் பெண்களுக்கு வருகிற ஒரு வருத்தம் இருந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குக் காத்திருந்தேன். மேசையைச் சுற்றித் தலைகள் பணிவாக ஆடின. எவ்வளவு நாகரிகமாகச் சமாளித்துவிட்டேன் என்று மனதுக்குள் எனக்கு நானே ஒரு பாராட்டும் போட்டேன்.

லூஸ் அடுத்த வசனம் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, புவனா."

"விளங்கும் பிள்ளை, அவைக்கு விளங்கும்," என்றேன் ரகசியமாக.

"என்ரை மகனுக்கு முன்னாலை சொல்லேலாமல்தான் நான் சாகப் பாத்தனான்," என்றாள். குரலை அவள் குறைக்கவில்லை. "இப்ப நீங்களும் எனக்கு மகனாகாதேங்கோ."

பிள்ளைகளே, உங்கள் கோப்பில் 'சமூகப் பிரதிநிதித்துவம்' என்று ஓர் அத்தியாயம் இருக்கும். அதை எழுதியவர்களுக்கு நன்றி. எனக்கு அந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் கிடைத்தது. மற்றவருக்காகப் பேசப் போகிறவர் தன்னுடைய வெட்கத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டும். அந்த வெட்கம் லூஸினுடையதல்ல, என்னுடையது. அவளுடையதை அவள் எப்போதோ பேஸ்மென்டில் விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

நான் எழும்பி நின்றேன். ஏன் எழும்பினேன் என்று தெரியாது, இருந்துகொண்டு சொல்ல வரவில்லை. "மன்னிக்கவேண்டும், நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்," என்றேன் பிரெஞ்சில். "லூஸ் சொன்னது இதுதான். அவருடைய இடது முலையில் கட்டி இருந்தது. அதைத் தன் மகனின் வாயால் டொக்டருக்குச் சொல்ல முடியாமல் தலையிடி என்று சொன்னார். அவருடைய கட்டடத்தில் இன்னும் பெண்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்."

இதை எழுதும்போதும் என் கை கொஞ்சம் கூசுகிறது. கூசட்டும்.

ஒருவரும் தலையாட்டவில்லை. கண்ணாடி போட்ட பெண்களில் மூத்தவர், கணக்கெடுப்பு நிறுவனத்தில் பெரிய பதவியில் இருப்பவர், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். லூஸை நேரே பார்த்து மெதுவாகக் கேட்டார்: "இப்படித் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருக்கும் பெண்கள் இந்த நகரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?"

நான் ஸ்பானிஷில் மாற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். லூஸ் என் கையைத் தட்டி என்னை இருத்தினாள். கேள்வி அவளுக்கு விளங்கிவிட்டது. தனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில் அவளே சொன்னாள்:

"எனக்குத் தெரியாது, மேடம். எண்ணுறது உங்கடை வேலை."

நான் என் தண்ணீர்க் கிளாஸை எடுத்துக் குடித்தேன்.